தவராஜா சேரின் காருக்குள் பெட்ரோல் போன வழி

கராஜ் நடத்துகிறவனுக்கு வாகனங்களால் வரும் தொல்லை கொஞ்சம்தான். வாகனங்களைப் பற்றி வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்களால் வருவதுதான் மிச்சமெல்லாம்.

நீங்களும் எப்போதாவது ஒரு பழைய காரை வாங்கி, "சும்மா கொஞ்சம் வேலை பார்த்தால் போதும்" என்று வீட்டில் சொல்லியிருந்தால், வாருங்கள், இது உங்களுக்குத்தான். அப்படிச் சொன்ன ஒருவரைக் கட்டிக்கொண்டவராக இருந்தால் இன்னும் கிட்ட வாருங்கள். முதல் கதிரை உங்களுக்கு.

என் கராஜ் கட்டுகஸ்தோட்டையில், அக்குறணைக்குப் போகிற வீதியோரம் இருக்கிறது. கொட்டகை ஒன்று, பாஸ்மார் இரண்டு பேர். எங்கள் பக்கம் மெக்கானிக்கை "பாஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்கு மரியாதை, அதற்காகச் சம்பளம் கூடிவிடாது. நான் சேவியர் பாஸ், காபரேட்டர் காலத்து ஆள். கொட்டகையின் மற்றப் பாதி குகனுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் பெண்ணெடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். இன்ஜெக்ஷன் வாகனங்கள் அவர் பக்கம் போகும். என் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும், அவர் கையில் லெப்டொப் இருக்கும். இருவருக்கும் ஒரே தேநீர்க் கேத்தல்.

முதலில் கொள்கை

தவராஜா சேர் கண்டியில் ஒரு வங்கியில் பெரிய அதிகாரி. ஊர் புசல்லாவை. ஒருநாள் காலையில் அவருடைய கார் என் வாசலில் வந்து இறங்கியது. வந்தது என்று சொல்ல முடியாது. லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஸ்ரீ நம்பர் கார். இலக்கத்தகட்டில் நடுவே ஸ்ரீ எழுத்து இருந்தால் அது பழங்காலத்து வண்டி என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடுகண்ணாவையில் மரம் விற்கும் ஒரு மரக்காலைக்குப் பின்னால் வருஷக்கணக்காகக் கிடந்திருக்கிறது. பின்சீட்டில் கோழி அடைகாத்ததற்கான சகல அடையாளங்களும் இருந்தன. எஞ்சினில் காபரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய பனியனைச் சுருட்டி அடைத்திருந்தார்கள்.

அவருடைய அக்கா மகள் துளசிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சேர்தான் தாய்மாமன். கல்யாணப் பெண்ணை இந்தக் காரில்தான் கோயிலுக்குக் கூட்டிப்போவேன் என்று சபையில் வாக்குக் கொடுத்துவிட்டார். அதனால் வந்ததும் வராததுமாக, "பாஸ், இதுக்குக் காபரேட்டர் போடுறதா, இன்ஜெக்ஷன் போடுறதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நான் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே கால் வைக்கும் தகடு துருப்பிடித்துக் கொட்டி, என் கராஜ் சிமெந்துத் தரை தெரிந்தது. சேர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"தரையெல்லாம் பிறகு பாத்துக்கலாம் பாஸ். முதல்ல கொள்கையை முடிவு பண்ணுவோம்."

ஒரே கூரை, இரண்டு கட்சி

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது, அந்த இழுப்பிலேயே பெட்ரோலும் சின்னத் துளை வழியாகக் கலந்து போவது காபரேட்டர். கம்பியூட்டர் ஒன்று அளவு பார்த்துப் பெட்ரோலைப் பீச்சிவிடுவது இன்ஜெக்ஷன். அவ்வளவுதான் வித்தியாசம். இந்த அவ்வளவுதானுக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும்.

சேர் கேட்ட கேள்வி குகனின் காதில் விழுந்ததும் அவர் லெப்டொப்பை மூடிவிட்டு வந்தார். "அண்ணை, மலை ஏற ஏறக் காத்து மெலியும். காபரேட்டருக்கு அது விளங்காது. கீழ குடிச்ச அளவிலயே மேலயும் குடிச்சுப்போட்டுக் கரும்புகை விடும். இன்ஜெக்ஷன் எண்டால் தானாக் குறைச்சுக்கொள்ளும்." நான் விடவில்லை. "நடு ரோட்டுல நின்னா காபரேட்டரைக் கழட்டி ஒரு ஊது ஊதி மாட்டிட்டுப் போகலாம் தம்பி. உங்க கம்பியூட்டரை ஊதினா ஓடுமா?" அவர் பதில் சொல்ல, நான் பதில் சொல்ல, சேர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். தேநீர் ஆறிப்போனது. வாசலில் வெகுநேரமாக நின்ற ஆட்டோக்காரர் கடைசியில் தொண்டையைக் கனைத்தார்.

"பாஸ்மாரே, சண்டையை முடிச்சிட்டே வாங்க. என் ஆட்டோ பிரேக்கை யார்கிட்ட காட்டுறதுன்னு மட்டும் இப்பச் சொல்லிருங்க."

கனடாவிலிருந்து ஒரு நிபுணர்

எங்கள் இருவரின் அபிப்பிராயமும் போதாது என்று சேர் கனடாவில் இருக்கும் மைத்துனரையும் சேர்த்துக்கொண்டார். மனைவியின் தம்பி. அங்கே அவருக்கு என்ன வேலை என்று கேட்டேன், கம்பனி வேலை என்றார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடியோ கோல் வரும். சேர் போனைப் பொனட்டுக்குள் நீட்டிக்கொண்டு நிற்பார். உள்ளேயிருந்து, "இன்னும் கிட்டக் காட்டுங்க மச்சான்... லைட்டு பத்தாது... அந்த பாஸைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்று குரல் வரும். என் கராஜில் என்னையே தள்ளி நிற்கச் சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

மைத்துனர் இன்ஜெக்ஷன் கட்சி. ஒரு சனிக்கிழமை முழுக்கப் பேசினார். உலகம் எங்கேயோ போய்விட்டதாம், நாங்கள் இன்னும் துளைக்குள் ஊதிக்கொண்டிருக்கிறோமாம். எனக்குப் பொறுக்கவில்லை. பொனட்டுக்கு மேலாகத் தலையை நீட்டி, "தம்பி, உங்க காரு இன்ஜெக்ஷன்ல எப்படி இழுக்குது?" என்று கேட்டேன். லைன் போய்விட்டதாக்கும் என்று சேர் போனை ஆட்டிப் பார்த்தார். லைன் இருந்தது.

"என்கிட்ட இருக்கிறது கரண்ட் காருங்க. அதுல பெட்ரோலே இல்லியே."

அக்குறணையில் ஒரு காலித் தட்டு

பழைய பார்ட்ஸ் வேண்டுமென்றால் நான் போவது அக்குறணை ஹனிபா நானாவிடம். கடைக்குள் ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். மற்ற இடமெல்லாம் சாமான். சேரையும் கூட்டிப்போனேன். நானா ஒரு காபரேட்டரைத் துணியால் துடைத்துக் குழந்தையைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தார். சேர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இன்ஜெக்ஷன் சாமான்களையும் காட்டச் சொன்னார். அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் காபரேட்டர் என்றார். வாசல்வரை வந்துவிட்டு இன்ஜெக்ஷன் என்றார். காருக்குள் ஏறிய பிறகு இறங்கிப் போய் மறுபடி காபரேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

கடைசியில் இன்ஜெக்ஷன் என்று முடிவாகி, சாமான்களைப் பெட்டியில் அடுக்கினோம். நானா காபரேட்டரைத் தட்டில் திருப்பி வைக்கவில்லை. மேசையிலேயே, கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். "ஏன் நானா, எடுத்து வைக்கலியா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் சேர் கேட்காத தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க கொண்டு போற சாமானுக்குத்தான் தட்டைக் காலியா வச்சீக்கிறன் பாஸ். சேர்ட முகத்தப் பாத்தா அது வெள்ளன வந்திரும் போல ஈக்குது."

பிழை ஒண்டும் இல்லை

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: குகன் வேலையை அழகாகச் செய்தார். இதற்குள் தகரவேலைக்காரர் கீழ்த்தகடு அடித்து, வெளிர்பச்சைப் பெயின்ட் பூசி, கோழி வாடையையும் போக்கியிருந்தார். சாவியைத் தொட்டதும் கார் கிளம்பியது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, ஆனால் கைதட்டினேன். சேர் தன் போனில் எஞ்சின் சூடு, வேகம், இன்னும் எனக்குப் பெயர் தெரியாத பலதும் ஓடுவதைப் பார்த்துப் பூரித்துப்போனார். ஒரே ஒரு விஷயத்தில்தான் குகனுக்குக் குறை. பெட்ரோல் டேங்கை மாற்ற வேண்டும், உள்ளே துரு என்று சொல்லியிருந்தார். சேர் சம்மதிக்கவில்லை. டேங்க் ஒரிஜினலாம். ஒரிஜினலை மாற்றினால் பழைய காருக்கு என்ன மதிப்பு என்று கேட்டார். காருக்குக் கம்பியூட்டர் மாட்டிய மனிதர் கேட்ட கேள்வி இது.

கடுகண்ணாவை ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கப் போனோம். நான் ஓட்டினேன், சேர் இடப்பக்கம், குகன் பின்னால் லெப்டொப்போடு. மழை. நடு ஏற்றத்தில் கார் ஒரு இருமல் இருமி நின்றது. பின்னால் கொழும்பு பஸ் கோர்ன் அடித்துத் தீர்த்தது. குகன் வயரைக் குத்திவிட்டு லெப்டொப்பைத் திறந்தார். சேர் குடையை லெப்டொப்புக்குப் பிடித்தார். எங்களுக்கு யாரும் பிடிக்கவில்லை. குகன் திரையை மேலேயும் கீழேயும் ஓட்டிப் பார்த்தார். டேங்க் துரு வந்து பெட்ரோல் வடிகட்டியில் அடைத்திருந்தது என்பதைப் பிறகு கழற்றித்தான் கண்டுபிடித்தோம். வடிகட்டிக்குள் என்ன கிடக்கிறது என்று லெப்டொப்புக்குத் தெரிய நியாயமில்லை. அது தனக்குத் தெரிந்ததைச் சொன்னது; குகன் எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

"கம்பியூட்டரில பிழை ஒண்டும் இல்லை அண்ணை. கார்தான் ஓடேல்லை."

இடப்பக்கக் கதவு

அடுத்த நாளே சேர் காபரேட்டர் கட்சிக்கு மாறினார். டேங்கைச் சுத்தம் செய்தால் போதும் என்று குகன் எவ்வளவோ சொன்னார். நம்பிக்கை போய்விட்டது என்றார் சேர். அக்குறணைக்குப் போய் மேசையில் இருந்த காபரேட்டரை வாங்கி வந்து எஞ்சினில் பூட்டினேன். டேங்கையும் சேருக்குச் சொல்லாமல் மாற்றினேன். புதிதென்று தெரியாமலிருக்க அதன்மேல் கொஞ்சம் சேறு பூசியது குகனின் யோசனை.

வேலை முடிந்து ஒப்படைக்கும் நாளில் சேரோடு மாலினி டீச்சரும் வந்தார். சேரின் மனைவி, கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் சாவியைச் சேரிடம் நீட்டினேன். அவர் மேலே கூரையில் எதையோ பார்த்தார். டீச்சர் சாவியை வாங்கி, ஏறி உட்கார்ந்து, சோக்கை இழுத்து, ஒரே அடியில் கிளப்பி, கிளட்ச் துள்ளாமல் வீதிக்கு எடுத்தார். எனக்கு வாய் மூடவில்லை. கியர் மாற்றி ஓட்டும் காரைச் சேர் வாழ்நாளில் ஓட்டியதில்லையாம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் தானாக மாறும் ஒட்டோ கியர். இத்தனை மாதமாகக் கொள்கை பேசியவருக்குக் கிளட்ச் எந்தக் காலில் என்று தெரியாது. "சேர் ஒருநாளும் சொல்லலியே டீச்சர்" என்றேன். டீச்சர் காரை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"ஒவ்வொரு தடவையும் அவர் இடப்பக்கக் கதவைத் திறக்கும்போதே நீங்க யோசிச்சிருக்கணும் பாஸ்."

புகை

வருஷாந்தப் புகைச் சோதனைக்குக் கொண்டுபோனோம். சோதிக்கிற இளைஞர் சிங்களவர், நல்ல தமிழ் பேசினார். குழாயைச் செருகி, அக்சிலேட்டரை அமத்தச் சொன்னார். அமத்தினேன். வரிசையில் நின்ற கார்க்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகத்தான் திறந்துவிட்டிருந்தேன். ஏற்றத்தில் இழுவை வேண்டுமே. பிறகு காபரேட்டர் திருகைக் குறைத்துக் கொண்டுபோய்ச் சோதனையில் தேறினோம். ஆனால் முதல் நாள் அந்த இளைஞர் முகத்தைப் பொத்திக்கொண்டு கேட்டதைக் குகன் இன்றைக்கும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"பாஸ், இது கார்தானே? டெங்குவுக்குப் புகை அடிக்கிற மெஷின் இல்லைதானே?"

கல்யாணம்

கல்யாண வீடு புசல்லாவை டவுனில். கோயில் தேயிலைத் தோட்டத்துக்குள்ளே, மேட்டில். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று குகனையும் என்னையும் அழைத்திருந்தார்கள். குகனின் மோட்டார் சைக்கிளில் காருக்குப் பின்னாலேயே போனோம். கார் ஓட்டியது டீச்சர், பட்டுச் சேலையோடு. பக்கத்தில் பட்டு வேட்டி, கோட்டோடு சேர். பின்னால் துளசி, கூட ஒரு தோழி. துளசி கண்டி ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். எதற்கும் பதறாத பிள்ளை.

நான் ஒப்படைத்த கார் அல்ல அது. பொனட்டுக்கு முன்னால் எஞ்சினுக்குக் காற்றுப் போகும் கம்பி வலையைக் காணவில்லை. அதன்மேல் செவ்வந்தி மாலை, அதன்மேல் மல்லிகைத் தோரணம், அதற்கும் மேல் "துளசி வெட்ஸ் பிரதீபன்" என்று வெள்ளை நுரையிலான ரெஜிபோம் அட்டை. "சேர், முன்னால அடைச்சிருக்குங்க, காத்துப் போகாது" என்றேன். "கல்யாணக் கார்னா அப்படித்தான் பாஸ் இருக்கும்" என்றார். முன்னால் மேளக்காரர்கள் நடந்தார்கள். அவர்கள் நடந்த வேகத்தில் கார் முதல் கியரில் ஏறியது. தேயிலைக்கு நடுவே மூன்றாவது வளைவில் மேளம் போனது, கார் போகவில்லை. சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, காபரேட்டருக்கு வெறும் காற்றுத்தான் வந்திருக்கிறது. ஈரத்துணியைச் சுற்றி ஆறவிட வேண்டும், வேறு வழியில்லை. முகூர்த்தமோ யாருக்காகவும் ஆறாது.

சேர் இறங்கி வந்தார். முகம் வேர்த்திருந்தது. "இன்ஜெக்ஷன் போட்டிருந்தா இப்படி நடக்குமா பாஸ்?" என்றார். நான் மாலைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பின்னாலிருந்து கோர்ன் சத்தம். தேயிலைக் கொழுந்து ஏற்ற மேலே போகும் தோட்டத்து லொறி. காரை ஓரமாக உருட்டி வழிவிட்டோம். லொறிக்காரர் எட்டிப் பார்த்து, பெண்ணை அடையாளம் கண்டு, லொறியை நிறுத்தினார். துளசி யோசிக்கவேயில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தோழியின் கையைப் பிடித்து முன் சீட்டில் ஏறிவிட்டாள். சேர் ஒரு கையைக் காரின் மேல் வைத்தபடி அங்கேயே நின்றார். துளசி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "மாமா, காரைப் பாத்துக்கிறீங்களா, கல்யாணத்துக்கு வர்றீங்களா?"

சேர் பின்னால் ஏறினார். கோட்டும் பட்டு வேட்டியுமாகக் காலிக் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவரையும், முன்னால் சிரித்துக்கொண்டிருந்த மணப்பெண்ணையும் ஏற்றிக்கொண்டு லொறி வளைவில் மறைந்தது. மேளக்காரர்கள் ஓடிப்போய் லொறிக்கு முன்னால் சேர்ந்துகொண்ட சத்தம் கேட்டது. நல்ல நேரம் முடியுமுன் தாலி ஏறிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். டீச்சர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் சோர்ந்துபோய்க் காபரேட்டரில் ஈரத்துணியைச் சுற்றினேன். குகன் மட்டும் லொறி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீசல் லொறி எண்டால் அதுக்குள்ள இருக்கிறதும் இன்ஜெக்டர்தான் அண்ணை. பொம்பிளை கடைசியா இன்ஜெக்ஷனிலதான் போனவ."

மிச்ச ஏற்றம்

தாலி கட்டி முடிந்து எல்லாரும் பந்திக்கு உட்கார்ந்த நேரத்தில் சேர் தனியாகக் கீழே நடந்து வந்தார். நெற்றியில் சந்தனம், கோட்டில் கொழுந்துத் துணுக்கு. எஞ்சின் அப்போதுதான் ஆறி முடிந்திருந்தது. "சேர், இப்ப சாவியைத் திருப்பினா கிளம்பிரும். ஏறுங்க, சாப்பாட்டுக்குப் போயிரலாம்" என்றேன். அவர் ஏறவில்லை. கோட்டைக் கழற்றி டீச்சரிடம் கொடுத்துவிட்டுக் காருக்குப் பின்னால் போனார். கோயில் அடுத்த வளைவுக்கு அந்தப் பக்கம்தான். டீச்சர் என்னைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். குகனும் நானும் இரண்டு பக்கமும் கை கொடுத்தோம். சேர் நடுவில். பட்டு வேட்டி சேற்றில் இழுபட, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் தள்ளிய தள்ளலில் கார் அசைந்தது.

பாதி தூரத்தில் சேருக்கு மூச்சு வாங்கியது. நான் மறுபடியும், "ஏன் சேர் இந்தப் பாடு? கிளப்பிரலாமே" என்றேன். அவர் நிமிர்ந்து, எங்களைப் பார்க்காமல், வளைந்து ஏறும் அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இந்த ஏத்தத்துல எங்கப்பா எத்தனையோ தடவை கார் தள்ளியிருக்காரு பாஸ். அது தோட்டத்துத் துரையோட காரு. இது என்னோடது, ஒரு தடவை நான் தள்ளிக்கிறேன்."

இந்தத் தொழிலில் இத்தனை காலம் இருந்து நான் விளங்கிக்கொண்டது இதுதான்: எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் போக வேண்டும் என்று எந்தப் பாஸும் சொல்லிவிடுவார், கார் வாங்கின மனிதருக்குள் என்ன போய்க்கொண்டிருக்கிறது என்று பார்க்கத்தான் இன்னும் ஒரு ஸ்கேனரும் வரவில்லை.